உங்கள் அட்டவணையில் ஒரு வரிசை என்பது எது? சுற்றுச்சூழல், சமூகம், நிலப்பரப்பு மேலாண்மை முதுநிலைப் படிப்பு பற்றி

கேள்வி இது: தாவரவியலில் இளநிலைப் பட்டம் முடித்த ஒருவர் ‘சுற்றுச்சூழல், சமூகம், நிலப்பரப்பு மேலாண்மை’ என்ற இரண்டு வருட முதுநிலைப் படிப்பில் சேர யோசிக்கிறார். அதில் என்ன சொல்லித் தருவார்கள், சமூகவியல் பின்னணி இல்லாமல் சமாளிக்க முடியுமா, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டு எதிலும் ஆழமில்லாமல் போய்விடுமா, ஆய்வேட்டை எப்படித் திட்டமிடுவது என்று கேட்கிறார்.

அந்தப் பயம் நியாயமானது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்று முடிந்துபோகிற ஆய்வேடுகள் இந்தத் துறையில் நிறைய. ஆனால் அதற்குக் காரணம் பாடங்கள் அதிகம் என்பதல்ல. இயற்கை அறிவியல் தரவையும் சமூகத் தரவையும் தனித்தனியாகச் சேகரித்துவிட்டு, கடைசி அத்தியாயத்தில் ஒட்டிவிடலாம் என்று நினைப்பதுதான் காரணம். ஒட்டாது. எது எதோடு எந்த இடத்தில் சேரும் என்பதைக் களத்துக்குப் போகும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். இந்தப் பதிலில் வேறு எது மறந்தாலும் இது மறக்க வேண்டாம்.

முதலில், ‘நிலப்பரப்பு’ என்ற சொல். இங்கே அது வெறும் தரை அல்ல. 2000-இல் ஃபுளோரன்ஸ் நகரில் கையெழுத்தாகி 2004-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய நிலப்பரப்பு உடன்படிக்கை, மக்கள் உணர்கிறபடியான ஒரு பகுதி, இயற்கைக் காரணிகளும் மனிதக் காரணிகளும் செயல்பட்டதால் தன் இயல்பைப் பெற்ற பகுதி என்று அதை வரையறுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள், அங்கு வாழும் உயிர்களும் மக்களும் தொழிலும் கருப்பொருள் என்று திணையைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த வரையறை புதிதாகத் தோன்றாது. சூழலியல் பக்கத்தில், ‘நிலப்பரப்புச் சூழலியல்’ என்ற சொல்லை 1939-இல் உருவாக்கியவர் ஜெர்மன் புவியியலாளர் கார்ல் ட்ரோல். விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்துத்தான் அவர் அந்த முடிவுக்கு வந்தார். காடு, வயல், ஊர், ஓடை எல்லாம் ஒரே சட்டத்துக்குள் தெரியும்போது அவற்றைத் தனித்தனித் துறையாகப் பிரிப்பது கடினம்.

பாடத்திட்டம் இடத்துக்கு இடம் மாறும், எலும்புக்கூடு மாறாது. நிலப்பரப்புச் சூழலியல், மண்ணும் நீரும், ஜி.ஐ.எஸ். (கணினியில் வரைபடத் தரவைக் கையாளும் முறை) மற்றும் தொலையுணர்வு (செயற்கைக்கோள், வான்படங்களிலிருந்து நிலத்தைப் படிப்பது) ஒரு பக்கம். நில உரிமை, பொதுவளங்களை ஆளும் விதிகள், சுற்றுச்சூழல் வரலாறு, நேர்காணல் முறைகள் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் திட்டமிடல், பாதுகாப்புப் பகுதி மேலாண்மை, தாக்க மதிப்பீடு. இந்த நடுப்பகுதி எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதை வைத்துத்தான் ஒரு படிப்பை எடைபோட வேண்டும்.

இந்தப் படிப்பு ஏன் தேவை என்பதற்கு ஒரே ஒரு உதாரணம் போதும். மேற்கு ஆப்பிரிக்காவில், கினி நாட்டின் கிஸ்ஸிடுகு பகுதியில் புல்வெளிக்கு நடுவே ஒவ்வொரு ஊரைச் சுற்றியும் அடர்ந்த காட்டுத் திட்டுகள் உண்டு. ஒரு காலத்தில் அங்கே பெருங்காடு இருந்தது, மக்கள் அழித்துவிட்டார்கள், இவை மிச்சம் என்றே பிரெஞ்சுக் காலனி ஆட்சிக் காலத்திலிருந்து அதிகாரிகள் நம்பினார்கள். தீ வைப்பதைத் தடுக்கும் சட்டங்களும் காட்டுக் கொள்கைகளும் அந்த நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டன. 1990-களில் ஜேம்ஸ் ஃபேர்ஹெட், மெலிசா லீச் என்ற இரு மானுடவியல் ஆய்வாளர்கள் 1950-களின் தொடக்கத்தில் எடுத்த வான்வழிப் படங்களையும் சுமார் 40 ஆண்டுகளுக்குப் பிந்தைய செயற்கைக்கோள் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். திட்டுகள் சுருங்கிக்கொண்டே வந்ததாகத் தெரியவில்லை. பல இடங்களில் வளர்ந்திருந்தன. ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டபோது விடை கிடைத்தது. ஊர் ஓரத்தில் மாடு கட்டுவதாலும், கூரைக்குப் புல் அறுப்பதாலும் தீ பரவ எரிபொருள் குறைகிறது. வீட்டுக் கழிவு சேர்ந்து மண் வளம் ஏறுகிறது. மரமும் நடுகிறார்கள். திட்டுகள் காட்டின் மிச்சம் அல்ல, குடியிருப்பால் உருவானவை. படங்கள் மட்டும் இருந்திருந்தால் மாற்றம் தெரிந்திருக்கும், காரணம் தெரிந்திருக்காது. பேட்டி மட்டும் இருந்திருந்தால் ‘ஊர்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள்’ என்று ஒதுக்கியிருப்பார்கள். இரண்டும் ஒரே திட்டைப் பற்றி, ஒரே காலத்தைப் பற்றிப் பேசியதால்தான் நம்ப முடிந்தது.

இதிலிருந்து வருவதுதான் தலைப்பில் உள்ள கேள்வி. ஆய்வேட்டு முன்மொழிவு எழுதும் முன் ஒரு வெற்று அட்டவணையைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு வரிசை எதைக் குறிக்கிறது? ஒரு குடும்பமா, ஒரு நிலத் துண்டா, ஒரு ஊரா, ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியா, ஒரு பிக்சலா (செயற்கைக்கோள் படத்தின் ஒரு சிறு சதுரமா)? நிலத் துண்டு என்று வைத்தால் நெடுவரிசைகள் இப்படி வரும்: சரிவு எத்தனை பாகை, சாலையிலிருந்து தூரம், கடந்த 10 ஆண்டில் பசுமைக் குறியீடு (படத்திலிருந்து கணக்கிடும் தாவர அடர்த்தி) ஏறியதா இறங்கியதா, நிலம் யார் பெயரில், உழைப்பது யார், மேய்ச்சல் எந்த வருடம் நின்றது, ஏன் நின்றது. முதல் மூன்று செயற்கைக்கோளிலிருந்தும் வரைபடத்திலிருந்தும் வரும். மற்ற நான்கும் மனிதர்களிடமிருந்து வரும். ஏழும் ஒரே வரிசையில் உட்காருகிறது என்றால் உங்களிடம் ஆய்வு இருக்கிறது. சமூகத் தரவு ஊர் வாரியாகவும் இயற்கைத் தரவு பிக்சல் வாரியாகவும் மட்டும் இருந்தால், உங்களிடம் இருப்பது இரண்டு அரை ஆய்வேடு.

தலைப்பிலேயே இந்த நோய் தெரிந்துவிடும். ‘நிலப் பயன்பாட்டு மாற்றமும் மக்களின் கருத்தும்’ என்று ‘உம்’ போட்டு இணைத்த தலைப்பைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள். மாறாக, ‘கூட்டு மேய்ச்சல் நிலம் தனித்தனிப் பங்காகப் பிரிந்த பிறகு சரிவின் எந்தப் பகுதியில் புதர் ஏறியது, அந்தத் துண்டுகளை யார், ஏன் விட்டார்கள்?’ என்ற கேள்வியை எடுத்தால், எந்த ஒரு துறையும் தனியாக அதற்கு விடை சொல்ல முடியாது. அதுதான் நல்ல கேள்விக்கு அடையாளம்.

வரிசையை முடிவு செய்த பிறகு அளவுப் பிரச்சினை வரும். 40 மீட்டருக்கு 50 மீட்டர் உள்ள ஒரு நிலத் துண்டை எடுத்துக்கொள்வோம், அதாவது 0.2 ஹெக்டேர். சென்டினல்-2 செயற்கைக்கோளின் நீலம், பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்புப் பட்டைகள் 10 மீட்டர் பிக்சல் தருபவை. கணக்குப்படி இந்தத் துண்டுக்குள் 20 பிக்சல். ஆனால் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தினால்கூட 14 பிக்சல் விளிம்பில் இருக்கும், உள்ளே 6 மட்டுமே. விளிம்புப் பிக்சலில் பக்கத்து வரப்பும், பக்கத்து மரத்தின் நிழலும் கலந்திருக்கும். லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் 30 மீட்டர் பிக்சலாக இருந்தால், அதிகபட்சம் ஒரே ஒரு பிக்சல்தான் முழுதாக உள்ளே விழும். இத்துடன் கையடக்க ஜி.பி.எஸ். திறந்த வெளியில் 3 முதல் 5 மீட்டர் வரை பிழை காட்டும். மரக்கூட்டத்துக்கு அடியில் அது 10 மீட்டரைத் தாண்டலாம். துண்டுகள் சிறியவை என்றால் எல்லையை ஜி.பி.எஸ். வைத்து நடந்து குறிப்பதைவிட, தெளிவான வான்படத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு, உரிமையாளரையே கோடு போடச் சொல்வது பல நேரங்களில் துல்லியமாக வரும். அவர் போடும் கோடு பதிவேட்டில் உள்ள கோட்டோடு ஒத்துப்போகாத இடங்களைக் குறித்துவையுங்கள். தகராறு, வாய்மொழி ஒப்பந்தம், பிரிக்காத பங்கு எல்லாம் அங்கேதான் இருக்கும்.

பரப்பளவுக் கணக்கில் திரும்பத் திரும்ப நடக்கும் ஒரு தவறு: இணைய வரைபடங்களின் வெப் மெர்கேட்டர் வீழ்ப்பில் (உருண்டையான பூமியைத் தட்டையாக்கிக் காட்டும் ஒரு முறை) வைத்தே ஹெக்டேர் கணக்கிடுவது. அந்த வீழ்ப்பு நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகப் பரப்பை ஊதிக் காட்டும். 45 பாகை அட்சத்தில் ஏறக்குறைய 2 மடங்கு, 60 பாகையில் 4 மடங்கு. க்யூ-ஜி.ஐ.எஸ். என்ற இலவச வரைபட மென்பொருளைத் திறந்தவுடன் உங்கள் வரைபட அடுக்கு எந்த ஆய முறையில், அதாவது எந்த வீழ்ப்பில், இருக்கிறது என்று பார்த்து, உங்கள் பகுதிக்கான யு.டி.எம். மண்டலத்துக்கோ (உள்ளூர் அளவுக்கு ஏற்ற வீழ்ப்பு) பரப்பை மாற்றாத சமபரப்பு வீழ்ப்புக்கோ மாற்றிக்கொண்டு பிறகு அளக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. செய்யாவிட்டால் முடிவு அத்தியாயம் முழுவதும் தப்பு.

மாற்றத்தை அளக்கும்போது இதைவிட நுட்பமான பொறி ஒன்று உண்டு. காடு, வயல், ஊர் என்று நிலத்தை வகை பிரித்துக் காட்டும் வகைப்பாட்டு வரைபடம் 2005-க்கு ஒன்று, 2020-க்கு ஒன்று, ஒவ்வொன்றும் 85 சதவீதம் சரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கழித்து மாற்றத்தைக் கண்டுபிடித்தால் அதன் துல்லியம் 0.85-ஐ 0.85-ஆல் பெருக்கிய அளவுக்கு, சுமார் 72 சதவீதத்துக்கு இறங்கிவிடும். உண்மையான மாற்றம் 5 சதவீதமாக இருந்தால், வரைபடம் காட்டும் ‘மாற்றத்தில்’ பெரும்பகுதி பிழையே. இதற்கு மருந்து இருக்கிறது: பிக்சலை எண்ணிப் பரப்பைச் சொல்லாமல், வகைக்குக் குறைந்தது 50 சரிபார்ப்புப் புள்ளிகள் என்று சீரற்ற முறையில் எடுத்து, அவற்றிலிருந்து பரப்பை மதிப்பிட்டு, பிழை வரம்போடு எழுதுவது. வரைபடம் அழகாக இருக்கிறது என்று இதைத் தவிர்ப்பவர்கள் வாய்மொழித் தேர்வில் மாட்டுவார்கள்.

காலமும் இப்படித்தான் பொருந்தாமல் போகும். 2000, 2010, 2020 என்று வட்டமான வருடங்களைத் தேர்வு செய்வது வழக்கம். நிலம் பத்தாண்டுக் கணக்குப் பார்த்து மாறுவதில்லை. சாலை போட்ட வருடம், சட்டம் மாறிய வருடம், பெரும் வறட்சி வந்த வருடம், இளைஞர்கள் வேலைக்கு வெளியேறத் தொடங்கிய வருடம் என்று திருப்பங்கள் வேறு இடத்தில் இருக்கும். அதனால் வேலையின் முறையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் களத்தில் நான்கைந்து மூத்தவர்களோடு ஒரு காலக்கோடு வரையுங்கள், பிறகு அந்தத் திருப்பங்களுக்கு முன்னும் பின்னும் உள்ள படங்களைத் தேடுங்கள். லேண்ட்சாட் 1972-லிருந்து பறக்கிறது, 2008 முதல் அதன் சேமிப்பு முழுதும் இலவசம். ஆகவே படம் கிடைப்பது பெரிய தடையல்ல. எடுக்கும் படங்கள் ஒரே பருவத்தில் இருக்கட்டும். மழைக்குப் பிந்தைய பசுமையை வறண்ட மாதத்தோடு ஒப்பிட்டு ‘தாவரம் அழிந்தது’ என்று எழுதப்பட்ட அறிக்கைகள் இருக்கின்றன.

சமூகப் பக்கத்தின் பிழைகள் இவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது, அதனால் அவை ஆபத்து அதிகம். இயற்கை அறிவியலிலிருந்து வருபவர்கள் வினாப்பட்டியல் கணக்கெடுப்பைத்தான் முதலில் நாடுவார்கள், எண்கள் கிடைக்கும் என்பதால். 6 ஊர், ஊருக்கு 20 குடும்பம், மொத்தம் 120. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மாதிரியான விதிகளுக்குள் வாழ்வதால் அவர்களின் பதில்கள் ஒன்றுபோல இருக்கும். அந்த ஒற்றுமை, 0 முதல் 1 வரையான அளவில், 0.1 என்ற மிதமான அளவில் இருந்தாலே போதும், வடிவமைப்பு விளைவு (மாதிரி எத்தனை மடங்கு சுருங்குகிறது என்ற எண்) 1 + 19 × 0.1 = 2.9. அதாவது உங்கள் 120 குடும்பம் உண்மையில் 41 தனிக் குடும்பங்களுக்குச் சமம். ஊருக்குக் குறைவான குடும்பம், அதிக ஊர்கள் என்று மாற்றினால் இது சரியாகும்; பயணம் கூடும்.

இன்னொன்று, ‘குடும்பத் தலைவர்’ என்று ஒருவரை மட்டும் கேட்பது. விறகு எங்கே எடுக்கிறார்கள், ஊற்று எப்போது வற்றியது என்பது அதைத் தினமும் செய்பவருக்குத்தான் தெரியும். விதியைச் சொல்பவரும் வேலையைச் செய்பவரும் ஒரே ஆளாக இருப்பது அரிது. சரிவின் மேலிருந்து கீழ் வரை அவர்களோடு நடந்துகொண்டே கேட்பது, நாற்காலியில் உட்கார்ந்து கேட்பதைவிட மேல். 50 மீட்டருக்கு ஒருமுறை நின்று, மண்ணை ஒரு கை அளவு எடுத்து நனைத்து உருட்டிப் பார்த்து, ‘இங்கே முன்பு என்ன இருந்தது, எப்போது விட்டீர்கள், இப்போது யார் வெட்டலாம்?’ என்று கேளுங்கள். நிற்கிற இடத்தை வைத்தே பதில் வருவதால் அது நேராக உங்கள் அட்டவணையின் ஒரு வரிசைக்குள் போய் உட்காரும்.

விதிகளைப் படிப்பது தாவரவியல்காரருக்குப் புதிது. அதற்கு நல்ல நுழைவாயில் சுவிட்சர்லாந்தின் டோர்பெல் என்ற மலையூர். மானுடவியலாளர் ராபர்ட் நெட்டிங் அங்கே ஆராய்ந்தார். 1517-இல் பதிவான விதி ஒன்று: குளிர்காலத்தில் தன் சொந்த உலர்புல்லால் எத்தனை மாட்டைக் காப்பாற்ற முடியுமோ, அத்தனை மாட்டை மட்டுமே ஒருவர் கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம். மேய்ச்சல் நிலத்தின் தாங்குதிறனை யாரும் நேரடியாக அளக்கவில்லை. தனியார் புல்நிலத்தின் விளைச்சலே பொது நிலத்துக்கு உச்சவரம்பாக ஆகிவிட்டது. கண்காணிப்பதும் எளிது, குளிர்காலத்தில் தொழுவத்தில் உள்ள மாட்டை எண்ணினால் போதும். 1968-இல் சூழலியலாளர் காரெட் ஹார்டின் பொதுநிலம் அழிந்தே தீரும் என்று வாதிட்டதற்கு எதிராக அரசியல் அறிவியலாளர் எலினார் ஓஸ்ட்ரம் 1990-இல் முன்வைத்த ஆதாரங்களில் இந்த ஊரும் ஒன்று. அவருக்கு 2009-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. பொதுவளத்தை நீண்ட காலம் காத்த ஊர்களின் விதிகளிலிருந்து அவர் தொகுத்த 8 வடிவமைப்புக் கோட்பாடுகளை டிக் போடும் பட்டியலாகப் பயன்படுத்துவது மாணவர்கள் செய்யும் தவறு. ஒரு விதியை யார் எப்படிக் கண்காணிக்கிறார்கள், மீறினால் முதல் முறை என்ன நடக்கும், இரண்டாம் முறை என்ன நடக்கும் என்று கேட்டு எழுதுங்கள். பட்டியலைவிட அது நிறையச் சொல்லும்.

இதே காரணத்தால், ‘மனிதன் விலகினால் இயற்கை தேறும்’ என்ற எண்ணத்தையும் வாசலிலேயே வைத்துவிட்டு வர வேண்டும். சில இடங்களில் அது உண்மை. ஐரோப்பிய மலைகளின் புல் அறுக்கும் வெளிகளில் நேர் எதிர்: அறுப்பது நின்றால் உயரமான சில புல்லினங்களும் புதரும் ஏறி, குட்டையான பூஞ்செடிகள் மறைந்துவிடும். அங்கே பல்லுயிர் வளத்தைக் காப்பது அரிவாளும் அதைப் பிடிக்க ஆள் இருப்பதும்தான். எந்த வகை நிலம் உங்களுடையது என்று தீர்மானிக்காமல் மேலாண்மைத் திட்டம் எழுதக் கூடாது.

இப்போது நேரக் கணக்கு. ஐரோப்பிய முறையில் இரண்டு வருட முதுநிலை 120 கிரெடிட், ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணி உழைப்பு. ஆய்வேட்டுக்குப் பொதுவாக 30 கிரெடிட் என்றால் 750 முதல் 900 மணி. வேறு முறைகளிலும் ஏறத்தாழ ஒரு அரையாண்டு முழு உழைப்புதான். அதில் 20 நேர்காணல் ஒரு மணி நேரம் வீதம் எடுத்தால், ஒலிப்பதிவை எழுத்தாக்க ஒவ்வொன்றுக்கும் 4 முதல் 6 மணி. பதில்களைப் பொருள் வாரியாகக் குறியிடுவதற்கு இன்னும் 2, 3 மணி. மொத்தம் 140 முதல் 200 மணி. 120 குடும்பக் கணக்கெடுப்பு முக்கால் மணி வீதம் 90 மணி, அலைச்சலோடு சேர்த்து 180. 6 வகைக்கு 300 சரிபார்ப்புப் புள்ளி, நாளைக்கு 40 வீதம் 8 நாள், பிறகு படச் செயலாக்கம், 160 மணி. படிப்பதற்கும் எழுதுவதற்கும் குறைந்தது 250. கூட்டிப் பாருங்கள், 730 முதல் 790 மணி. கையில் 750 மணிதான் என்றால் நோய்வாய்ப்படவோ மழையில் சிக்கவோ ஏறக்குறைய இடமே இல்லை; 900 என்றாலும் அதிகம் மிஞ்சாது. எதையாவது வெட்டத்தான் வேண்டும். என் தீர்ப்பு: கணக்கெடுப்பை வெட்டுங்கள். நேர்காணலும் நடையும் படமும் ஒரே துண்டுகளில் ஆழமாக இருந்தால் ஒரு முதுநிலை ஆய்வேட்டுக்கு அது தாராளம்.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது கையேட்டைப் படிப்பதைவிட, கடந்த மூன்று வருட ஆய்வேட்டுத் தலைப்புகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இரு துறை வழிகாட்டிகள் சேர்ந்து கையெழுத்திட்டவை எத்தனை? புள்ளியியலும் நேர்காணல் முறையும் இரண்டுமே கட்டாயமா, அல்லது ஒன்றைத் தவிர்க்க வழி இருக்கிறதா? ஒரே களத்துக்கு எல்லா ஆசிரியர்களும் மாணவர்களோடு ஒன்றாகப் போகும் களப்பாடம் உண்டா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ‘உண்டு’ என்று பதில் வந்தால் மற்றக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். மண் ஆசிரியரும் நில உரிமை ஆசிரியரும் ஒரே குழியின் முன் நின்று வாதிடுவதைக் கேட்பதற்கு ஈடான வகுப்பு கிடையாது.

ஆழம் பற்றிய பயத்துக்கு: தாவர இனங்களைக் களத்திலேயே அடையாளம் காண்பது உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கருவி. அதை விட்டுவிடாதீர்கள். பாதுகாப்புப் பகுதி நிர்வாகம், நில மீட்டெடுப்புத் திட்டங்கள், தாக்க மதிப்பீடு, நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் என்று எந்த வேலையிலும் ஆளை எடுப்பது ஒரு குறிப்பிட்ட திறமைக்காகத்தான். பிற துறையினரோடு பேசத் தெரிந்திருப்பது அதற்குப் பிறகுதான் மதிப்புப் பெறும். சேர்வதற்கு முன் மூன்று மாதம் கிடைத்தால் க்யூ-ஜி.ஐ.எஸ்.-இல் ஆய முறை மாற்றுவது, எல்லை வரைவது, ஒவ்வொரு எல்லைக்குள்ளும் பிக்சல் சராசரி எடுப்பது என்ற மூன்றை மட்டும் கையில் படியும்வரை செய்யுங்கள். கூடவே ஐந்து பேரைப் பேட்டி எடுத்து, முழுதாக எழுத்தாக்கிப் பாருங்கள். நீங்கள் எங்கெல்லாம் பதிலை முந்திக்கொண்டு சொல்லிக் கொடுத்தீர்கள் என்பது எழுத்தில் பார்த்தால்தான் தெரியும்.

கடைசியாக, வரைபடம் ஆளைக் காட்டிக்கொடுக்கும். வீட்டின் ஆயத்தொலைவு, அனுமதியில்லாமல் மரம் வெட்டிய துண்டு, அரிய மூலிகை விளையும் சரிவு, வெளியார் அறியக் கூடாத வழிபாட்டு இடம் ஆகியவை ஆய்வேட்டின் இணைப்பில் அச்சாகிப் பொதுவெளிக்குப் போனால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. பெயரை நீக்கிவிட்டு ஆயத்தொலைவை அப்படியே விட்டால் அடையாளத்தை மறைத்ததாக ஆகாது. பகுப்பாய்வுக்கு உண்மையான புள்ளி, அச்சுக்கு ஊர் அளவில் தொகுத்த வரைபடம் என்று இரண்டு கோப்புகளைத் தனித்தனியாக வைத்திருங்கள். எதைக் காட்டலாம் என்பதை ஒப்புதல் படிவத்தில் தனிக் கேள்வியாகக் கேளுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி வர வாரக்கணக்கிலும் சில இடங்களில் மாதக்கணக்கிலும் ஆகும். ஆகவே முதல் அரையாண்டு முடிவதற்குள் அந்த விண்ணப்பம் போயிருக்க வேண்டும். வரிசை எது என்று தீர்மானித்த அந்த வெற்று அட்டவணையையும் அதோடு இணைத்து அனுப்புங்கள். எந்த நெடுவரிசை யாரைக் காட்டிக்கொடுக்கும் என்று குழுவும் வழிகாட்டியும் அதைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.